விசுவமடுக் கடையின் சுதந்திர தின ஒப்படைப் பொதி

தரம் பத்தில் படிக்கும் என் மகளுக்கு வரலாற்றுப் பாடத்தில் ஒப்படை கொடுத்திருந்தார்கள்: இலங்கையின் சுதந்திர தினமும் அதன் பின்னணியும். பெப்ரவரி 4 நெருங்கும்போது நாட்டின் வடக்கே எங்கள் வன்னியில் பல பிள்ளைகளுக்கு இதே தலைப்புத்தான் வருகிறது. பிள்ளைகள் பக்கத்துக் கொமினிகேஷனுக்கு, அதாவது போட்டோக் கொப்பி, பிரிண்ட் எடுக்கும் கடைக்குப் போய், சுதந்திர தினம் பற்றி ஏதாவது பிரிண்ட் எடுத்துத் தாருங்கள் என்று கேட்பார்கள். முதலில் நாங்கள் போன கடையில் இருந்த தம்பி இணையத்தில் தேடி, கண் மூடித் திறப்பதற்குள் ஆறு பக்கம் அடித்துக் கையில் தந்தார். வீட்டுக்கு வந்து வாசித்தால் ஓகஸ்ட் 15, செங்கோட்டை, நேரு, உப்புச் சத்தியாக்கிரகம். தமிழில் தேடினால் இந்தியாவின் வரலாறுதான் முன்னுக்கு வந்து நிற்கிறது. அட்டைக்கு மட்டும் சிங்கக் கொடியை ஒட்டிக் கொடுத்திருந்தார். அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துப் புள்ளி வாங்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதுதான் என்னை மிகவும் கோபப்படுத்தியது. தன் நாட்டின் கதை எது, அயல் நாட்டின் கதை எது என்று தெரியாமல் ஒரு பிள்ளை வளர்வது சின்ன விடயம் அல்ல.

என்னோடு முன்பள்ளியில் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர்தான் விசுவமடுக் கடையைச் சொன்னார். பரந்தன் – முல்லைத்தீவு வீதியில், விசுவமடுச் சந்தியிலிருந்து புதுக்குடியிருப்புப் பக்கமாகக் கொஞ்சம் நடந்தால் இடது கையில் வரும். ரீலோட், போட்டோக் கொப்பி, லமினேட்டிங், அடையாள அட்டைப் படம் என்று எழுதிய வழக்கமான பலகைதான் வெளியே தொங்குகிறது. உள்ளே கணினியில் தட்டச்சு செய்யும் தங்கச்சி ஒருவர். அவருக்கு எதிர் மேசையில், மாலை வேளைகளில் மட்டும், ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர். கடைக்காரர் அவரிடம் படித்தவர். பிள்ளைகள் அடிக்கடி கேட்டு வரும் தலைப்புகளுக்கு அந்த ஆசிரியர், நாங்கள் சேர் என்று கூப்பிடுபவர், கையால் எழுதிக் கொடுக்கிறார், தங்கச்சி தட்டச்சு செய்கிறார், கடைக்காரர் பொதியாகக் கட்டி விற்கிறார்.

சுதந்திர தினப் பொதியின் விலை 450 ரூபாய். வர்ணத்தில் வேண்டுமானால் 700. பதினாறு பக்கக் குறிப்பு, ஏ3 தாளில் படங்கள், பிரிஸ்டல் போர்ட்டில் ஒட்டக்கூடிய நீளத்தில் ஒரு காலக்கோடு, கடைசியில் கோடு போட்ட இரண்டு வெற்றுத் தாள்கள். எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்கு 450 ரூபாய் யோசித்துத்தான் எடுக்க வேண்டிய காசு. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

வழக்கமான குறிப்புகள் 1815 மார்ச் 2 ஆம் திகதிக் கண்டி ஒப்பந்தத்தில் தொடங்கி, நான்கைந்து தலைவர்களின் படங்களைத் தாண்டி, 1948 இல் கொண்டுவந்து இறக்கிவிடும். இந்தப் பொதி 1803 இல் தொடங்குகிறது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் பிரித்தானியர் கண்டிக்குள் படை நடத்திப் புகுந்தார்கள். ஜூன் மாதம் அங்கே விட்டுவைத்த அவர்களுடைய காவற்படை அழிந்தது. இரண்டு மாதம் கழித்து, ஓகஸ்ட் 25 ஆம் திகதி, வன்னியின் தலைவன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். ஒக்டோபர் 31 ஆம் திகதி கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிரிபேர்க்கின் படையிடம் தோற்றான். தோற்கடித்த இடம் இதுதான் என்று பிரித்தானியர் ஆங்கிலத்தில் வெட்டி நட்ட கல்தான் பண்டாரவன்னியனின் பெயரை அந்த மண்ணில் நிற்க வைத்தது. கண்டியும் வன்னியும் ஒரே ஆண்டில், ஒரே பகைவனோடு போரிட்டன என்பதை இரண்டு திகதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே சேர் காட்டிவிடுகிறார். ஒட்டுசுட்டானுக்குப் போகும்போதெல்லாம் கற்சிலைமடுவைக் கடந்துதான் போகிறோம். என் மகள் அந்த இடத்தை ஒரு பஸ் தரிப்பிடமாக மட்டுமே அறிந்திருந்தாள்.

அடுத்த சில பக்கங்கள் கொஞ்சம் வேகம். 1833 கோல்புறூக் – கமரன் சீர்திருத்தம் நாட்டை ஐந்து மாகாணங்களாக்கியது, வன்னி வட மாகாணத்துக்குள் வந்தது, அனுராதபுரம் உள்ள நுவரகலாவியவும் 1873 வரை அதே மாகாணத்தில்தான் இருந்தது என்று ஒரு பத்தி. 1915 சிங்கள – முஸ்லிம் கலவரத்துக்குப் பின் இராணுவச் சட்டத்தில் அகப்பட்ட சிங்களத் தலைவர்களுக்காகப் பொன்னம்பலம் இராமநாதன் வாதாடியது, 1919 இல் தொடங்கிய இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவராக அவருடைய தம்பி அருணாசலம் இருந்தது, இரண்டே ஆண்டுகளில் மனம் கசந்து வெளியேறியது எல்லாம் ஒரே பக்கத்தில் நெரிசலாக இருக்கின்றன. ஏன் கசந்தார் என்பதற்கு இன்னும் நான்கு வரி எழுதியிருக்கலாம். பிள்ளை அந்த இடத்தில்தான் கேள்வி கேட்கிறது.

யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருப்பதைப் பார்த்தபோது மனம் நிறைந்தது. ஹன்டி பேரின்பநாயகம் போன்ற இளைஞர்கள் 1924 இல் தொடங்கிய இயக்கம் அது. 1927 நவம்பரில் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்கள் அவர்கள். பிரித்தானியர் 1931 இல் கொண்டுவந்த டொனமூர் அரசியலமைப்பு இருபத்தொரு வயதான எல்லோருக்கும், பெண்களுக்கும் சேர்த்து, வாக்குரிமை தந்தது. ஆனால் முழுமையான சுயராச்சியம் தரவில்லை என்று சொல்லி 1931 அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்தார்கள். குடாநாட்டின் நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. அந்தப் பகிஷ்கரிப்பு சரியா பிழையா என்று பொதி தீர்ப்புச் சொல்லவில்லை. கிடைத்த சபையையும் இழந்ததால் வந்த நட்டத்தையும் எழுதியிருக்கிறது, சாதி மத வேறுபாடு கடந்து அந்த இளைஞர்கள் நாடு முழுவதற்குமாகச் சுதந்திரம் கேட்ட துணிவையும் எழுதியிருக்கிறது. தமிழர் சுதந்திரத்தைக் கேட்கவே இல்லை என்று யாராவது சொன்னால் இந்தப் பக்கத்தை எடுத்து நீட்டலாம்.

ஒன்பதாம் பக்கத்துக்காகவே நான் 450 ரூபாய் கொடுப்பேன். 1947 பொதுத் தேர்தலுக்குப் பிறகு டி. எஸ். சேனநாயக்க அமைத்த அமைச்சரவை, அதாவது 1948 பெப்ரவரி 4 ஆம் திகதி காலையில் பதவியில் இருந்த அமைச்சரவை. அதில் இரண்டு தமிழ் அமைச்சர்கள் இருந்தார்கள். சி. சுந்தரலிங்கம் வர்த்தக வாணிப அமைச்சர், சி. சிற்றம்பலம் தபால் தொலைத்தொடர்பு அமைச்சர். இருவரும் சுயேச்சையாக நின்று வென்றவர்கள். சுந்தரலிங்கம் வென்றது வவுனியாவில், அன்று முல்லைத்தீவும் அந்தத் தொகுதிக்குள்தான். சிற்றம்பலம் வென்றது மன்னாரில். சுதந்திர இலங்கையின் முதல் நாளில் தமிழர் தரப்பிலிருந்து அமைச்சரவையில் அமர்ந்திருந்த இருவரையும் அனுப்பியவை வன்னித் தொகுதிகள். தமிழரின் பெரிய கட்சியான தமிழ்க் காங்கிரஸ் அப்போது எதிர்க்கட்சி வரிசையில். அதன் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம், புதிய அரசியலமைப்பை ஆராய வந்த சோல்பரி ஆணைக்குழுவின் முன் ஐம்பதுக்கு ஐம்பது, அதாவது ஆசனங்களில் பாதி சிறுபான்மையினருக்கு என்று கேட்டுக் கிடைக்காமல், பின்னர் 1948 இலேயே அமைச்சரவைக்குள் வந்தார்.

இதை நான் என் பள்ளிக்கூடக் காலத்தில் கேள்விப்பட்டதே இல்லை. வன்னி என்றால் காடு, குளம், குடியேற்றம், பிறகு போர் என்றுதான் எங்களுக்கே சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் மண்ணின் வாக்குப் பெட்டிகள் அந்த நாளில் என்ன செய்தன என்பதை ஒரு கொமினிகேஷன் கடைப் பொதி சொல்லித் தந்திருக்கிறது. சேர் அதோடு நிறுத்தவில்லை. அதே சுந்தரலிங்கம் அந்த ஆண்டு முடிவதற்குள் பிரஜாவுரிமை (குடியுரிமை) விவகாரத்தில் அமைச்சுப் பதவியைத் துறந்து வெளியேறியதையும் கீழே எழுதி, அம்புக்குறி போட்டு அடுத்த பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறார்.

அடுத்த பக்கம் 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம். இதை நான் நிதானமாக எழுத வேண்டும், ஏனென்றால் இது எங்கள் குடும்பத்தின் பக்கம்.

சட்டம் நடைமுறைக்கு வந்தது 1948 நவம்பர் 15. சுதந்திரம் கிடைத்து ஒன்பது மாதம்தான் கழிந்திருந்தது. அந்தத் திகதிக்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமானால், அவருடைய தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். என் அப்பா 1944 இல் மலையகத்தில் ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அவருடைய தகப்பனும் அதே தோட்டத்து லயத்தில் பிறந்தவர்தான். ஆனால் அதை நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழ் எங்கே இருந்தது? அவருடைய பெயர் தோட்டத்துச் செக்ரோலில், அதாவது வேலை நாள் பதிவேட்டில், மட்டும்தான் இருந்தது. கொழுந்து பறித்த நாளைக் கணக்கெடுத்தவர்கள் பிள்ளை பிறந்த நாளைக் கணக்கெடுக்கவில்லை. இப்படி இந்திய வம்சாவளித் தமிழர் ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். 1947 தேர்தலில் மலையகத் தலைவர் தொண்டமானை நுவரெலியாவிலிருந்து பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்களின் வாக்குகள், 1949 இல் வந்த தேர்தல் சட்டத் திருத்தத்தோடு பறிபோயின. தமிழ்க் காங்கிரஸ் இந்தக் கேள்வியில்தான் உடைந்தது. 1949 டிசம்பரில், அதிலிருந்து பிரிந்த செல்வநாயகம் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் மனிதர்களை எண்ணிக்கையாகப் பிரித்தது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

பொதி இவை எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் சொல்கிறது. கண்ணீர் வரவழைக்கும் சொல் ஒன்றுகூட இல்லை. சட்டத்தின் நிபந்தனையை எளிய தமிழில் எழுதி, கீழே பிள்ளைக்கு ஒரு கேள்வி: உன் பூட்டன் பிறந்த இடத்தை உன்னால் ஆவணத்தோடு காட்ட முடியுமா? பூர்வீக வன்னிக் குடும்பங்களில்கூட, 2009 இல் பெட்டி படுக்கை எல்லாவற்றையும் இழந்து வந்தவர்களில், அதற்கு ஆம் என்று சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? 1958, 1977 இனக் கலவரங்களில் அடிபட்டு மலையகத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கிளிநொச்சி, வவுனியாப் பள்ளிக்கூடங்களில் நிறையவே படிக்கிறார்கள். அவர்களுக்குச் சுதந்திர வரலாறு கற்பிக்கும்போது இந்தப் பக்கத்தைத் தவிர்ப்பது அநியாயம். தவிர்க்காமல் எழுதிய சேருக்கு நன்றி.

இனிக் குறைகள். படத்தாளில் பிரித்தானிய அரச குடும்பத்தின் குளொஸ்டர் கோமகன் மேடையில் நிற்கும் படத்துக்குக் கீழே 4.2.1948 என்று அடித்திருக்கிறார்கள். அது பெப்ரவரி 10 ஆம் திகதி, கொழும்பு டொறிங்டன் சதுக்கத்தில் பாராளுமன்றத்தைத் திறந்து வைத்த வைபவம். குறிப்பின் பன்னிரண்டாம் பக்கத்தில் அந்தத் திகதி சரியாகவே இருக்கிறது, படத்தாளில்தான் பிழை. தங்கச்சியிடம் காட்டினேன். "சேர் எழுதித் தந்தது சரி, அக்கா. நான்தான் படத்தைப் போடும்போது மாற்றிவிட்டேன்" என்று உடனே திருத்தி, எங்களுக்குப் புதிய தாளும் தந்தார். ஏற்கனவே வாங்கிப் போனவர்கள் தங்கள் தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சதுக்கத்தில் இப்போது நிற்கும் சுதந்திர நினைவு மண்டபம், 1815 இல் ஒப்பந்தம் கைச்சாத்தான கண்டி அரச சபை மண்டபத்தின் சாயலில் கட்டப்பட்டது என்ற குறிப்பு பக்கத்திலேயே இருக்கிறது. நல்ல குறிப்பு. படம் தெளிவில்லை, தூண்களின் வேலைப்பாடு கறுப்பாக அப்பிக் கிடக்கிறது.

சுதந்திரம் என்று கிடைத்தது எது என்பதையும் பொதி மழுப்பவில்லை. இலங்கை அன்று டொமினியன் அந்தஸ்துத்தான் பெற்றது. தேசாதிபதியாக இருந்த சேர் ஹென்றி மங்க் மேசன் மூர் அப்படியே மகாதேசாதிபதியானார். பிரித்தானிய முடியரசரே நாட்டின் தலைவராக இருந்தார். திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்க விமானத் தளமும் 1957 வரை பிரித்தானியர் கையில் இருந்தன. இது உண்மையான சுதந்திர நாடு அல்ல என்று சோவியத் யூனியன் தடுத்ததால் ஐக்கிய நாடுகள் சபையில் இடம் கிடைக்க 1955 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1972 மே 22 ஆம் திகதிதான் குடியரசானது. என் மகள் இந்தப் பகுதியை வாசித்துவிட்டு, அப்படியானால் எந்த நாளைக் கொண்டாட வேண்டும் என்று கேட்டாள். பள்ளிக்கூடத்திலும் இதையே கேள் என்று சொல்லி அனுப்பினேன்.

கொடியைப் பற்றிய பகுதி சிறியது, போதுமானது. 1948 இல் ஏற்றியது சிங்கக் கொடி; தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் செம்மஞ்சள், பச்சைக் கோடுகள் சேர்ந்தது 1951 இல்; கொடிக் குழுவில் இருந்த செனட்டர் நடேசன் அந்த முடிவுக்கு உடன்படவில்லை. ஒப்படைக்குக் கொடி வரையும் பிள்ளைகள் இந்த மூன்றையும் எழுதினால் நல்ல புள்ளி வரும்.

பெரிய குறை, பொதி 1972 இல் நின்றுவிடுவது. அதற்கு முன்பே, 1957 பெப்ரவரி 4 ஆம் திகதி திருகோணமலையில் கறுப்புக் கொடி ஏற்றிய நடராசன் சுட்டுக் கொல்லப்பட்டதும் இதில் இல்லை. கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 இல் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் தொடங்கிய போராட்டம் இல்லை. அவர்களின் தாய்மார் பெப்ரவரி 4 ஐக் கரிநாளாக அனுட்டிப்பது இல்லை. சேரிடம் கேட்டேன். தலைப்பு சுதந்திரத்தின் பின்னணி, அதற்குப் பிறகு நடந்தது வேறு ஒப்படை என்றார். தலைப்பின்படி அது சரியான பதில்தான். ஆனால் எங்கள் பிள்ளைகள் அந்த நாளில் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றத்தைப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் கறுப்புக் கொடியையும் பார்க்கிறார்கள். இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்கிற பிள்ளைக்கு, இரண்டுக்கும் இடையில் என்ன நடந்தது என்று ஒரு பக்கமாவது வேண்டும். அந்தத் தாய்மாரில் சிலர் பதில் கிடைக்காமலே இறந்துபோனார்கள். என் மகளுக்கு நானே சொன்னேன். சொல்ல ஆள் இல்லாத வீடுகளும் இருக்கின்றன, சேர். அடுத்த ஆண்டுப் பொதியில் யோசியுங்கள்.

கடைசியில் இருக்கும் இரண்டு வெற்றுத் தாள்களை நான் முதலில் பொருட்படுத்தவில்லை. மேலே 'எங்கள் வீட்டில்' என்று மட்டும் அடித்து, வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் 1948 பற்றிக் கேட்டு எழுதுக என்று குறிப்பு. என் மகள் தாத்தாவிடம் போய் உட்கார்ந்தாள். அப்பா சாதாரணமாக மலையகத் தோட்டத்துக் கதை பேச மாட்டார். 1977 இல் தருமபுரத்துக்கு வந்ததிலிருந்து காணி, பயிர், தண்ணீர் இதுதான் அவருடைய பேச்சு. அன்று பேசினார். தன் தகப்பன் பிரஜாவுரிமை விண்ணப்பப் படிவம் நிரப்புவதற்குக் கணக்கப்பிள்ளைக்குக் கோழி கொடுத்ததையும், நிராகரித்து வந்த கடிதத்தை வாசிக்கத் தெரியாமல் சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகி வைத்திருந்ததையும் சொன்னார். இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கிய 2003 சட்டத்துக்குப் பிறகுதான் அவருக்குக் குடியுரிமை கிடைத்தது. அவர் வாழ்க்கையில் முதன்முதலாக வாக்களித்தது 2013 செப்டெம்பர், வட மாகாண சபைத் தேர்தலில். "நாடு சுதந்திரம் அடைந்தபோது எனக்கு நாலு வயது. எனக்கு வாக்கு வந்தபோது அறுபத்தொன்பது" என்றார். அந்த வரியை அவள் அப்படியே எழுதினாள். இரண்டு தாளும் போதாமல் கொப்பியிலிருந்து தாள் கிழித்துச் சேர்த்துத் தைத்தாள்.

பொதியை வாங்கி அப்படியே கொடுத்துவிடலாம் என்று நினைக்கும் பெற்றோருக்குச் சொல்கிறேன்: குறிப்பைப் பிள்ளையின் கையால் எழுத வையுங்கள். கடையிலும் அதைத்தான் சொல்கிறார்கள். தட்டச்சுத் தாளையே கோவையில் வைத்துக் கட்டித் தரும்படி கேட்டவர் ஒருவரிடம் கடைக்காரர் மாட்டேன் என்று சொன்னதை என் கண்ணால் பார்த்தேன். வியாபாரத்தில் இப்படி இருப்பது லேசு இல்லை. தட்டச்சில் ஆங்காங்கே ர, ற மாறிக் கிடக்கிறது. எழுதும்போது பிள்ளை கவனித்துத் திருத்த வேண்டும். வர்ணப் பொதிக்கு மேலதிகமாகக் கொடுக்கும் 250 ரூபாய் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். படங்களில் பெரும்பாலானவை மூலத்திலேயே கறுப்பு வெள்ளை. வர்ணம் வேண்டியது கொடிக்கு மட்டும், அதைப் பிள்ளையே தீட்டலாம்.

ஜனவரி கடைசி வாரத்தில் கடையில் கால் வைக்க இடமிருக்காது. பொங்கல் முடிந்த கையோடு போனால் சேரும் ஆறுதலாகப் பேசுவார். ஞாயிறு பூட்டு. தருமபுரத்திலிருந்து முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறி விசுவமடுச் சந்தியில் இறங்குங்கள். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு போனால்தான் சேரைச் சந்திக்கலாம்.